தற்காப்புக்கலைக் கூடங்களில் பயிற்சியாளரின் பின்னணி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்கும்போது கராத்தே, டேக்வாண்டோ, கிக்பாக்ஸிங், எம்.எம்.ஏ. (பல சண்டைக்கலைகள் கலந்த போட்டி முறை) வகுப்புகளுக்கான விளம்பரங்கள் நாளிதழ்களிலும் தெருமுனைத் தட்டிகளிலும் பெருகிவிடுகின்றன. அவற்றில் கட்டண விவரத்துக்கு மேலே பெரிய எழுத்தில் இடம்பெறுவது மாஸ்டரின் பெருமைதான்: ஐந்தாம் டான் (கறுப்புப் பட்டையில் ஐந்தாம் படிநிலை) கறுப்புப் பட்டை, பன்னாட்டுப் போட்டியில் தங்கம், உலக சாதனை. கல்லூரிக் காலத்தில் ஜூடோ பயின்றவன், இப்போது இரண்டு பிள்ளைகளை இத்தகைய கூடமொன்றுக்கு அனுப்பும் தந்தை என்ற முறையில், பயிற்சியாளரின் பின்னணியில் பெற்றோர் அவசியம் அறிய வேண்டிய பகுதி இந்த விளம்பரங்களில் பெரும்பாலும் இடம்பெறுவதே இல்லை என்பதைத் தங்கள் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

முதலில் பட்டையை எடுத்துக்கொள்வோம். ஜூடோவைத் தோற்றுவித்த ஜிகோரோ கானோ 1882-இல் டோக்கியோவில் கோடோகான் என்ற பயிற்சிக்கூடத்தை நிறுவி, அடுத்த ஆண்டே தம் மாணவர் இருவருக்கு முதல் டான் தகுதியை வழங்கினார். கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்பது அந்தக் கூடத்தில் அனைவருக்கும் தெரிந்திருந்ததால், அந்தத் தகுதிக்குத் தனியாகச் சாட்சி தேவைப்படவில்லை. கராத்தே இந்த முறையை 1924-இல் ஃபுனாகோஷி என்ற கராத்தே ஆசானின் வழியாக ஏற்றுக்கொண்டது. இன்று நம் ஊர்களில் கராத்தேக்கு எத்தனையோ பாணிகள், எத்தனையோ சங்கங்கள். ஒவ்வொன்றும் தானே கிரேடிங் எனப்படும் பட்டைத் தேர்வை நடத்தி, தானே சான்றிதழ் அச்சடித்து வழங்குகிறது. தேசிய அளவிலேனும் ஒழுங்கு இருந்ததா என்றால், 2020-இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் இந்திய கராத்தே சங்கத்தின் அங்கீகாரத்தையே விலக்கிக்கொண்டது. டேக்வாண்டோவில் நிலைமை சற்று மேல். சோல் நகரிலுள்ள டேக்வாண்டோ தலைமையகமான குக்கிவோன் வழங்கும் டான் சான்றிதழ் அங்கே பதிவு செய்யப்படுவதால், ஐயம் எழுந்தால் கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது. முவே தாய், கிக்பாக்ஸிங், எம்.எம்.ஏ. ஆகியவற்றில் பொதுவாக ஏற்கப்பட்ட பட்டை முறையே கிடையாது. அங்கே பயிற்சியாளர் தம் போட்டிக் கணக்கையோ, தாம் பயின்ற வெளிநாட்டுக் கூடத்தின் பெயரையோதான் காட்ட முடியும். ஆகவே 'பிளாக் பெல்ட் மாஸ்டர்' என்ற மூன்று சொற்களைக் கண்டதும் மேற்கொண்டு கேள்வி கேட்காமல் பணம் கட்டிவிடுவது பெற்றோருக்கு நல்லதல்ல. யாரிடம், எந்த அமைப்பில், எத்தனை ஆண்டுகள் பயின்றீர்கள் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. வட சென்னைக் குத்துச்சண்டையில் ஒருவர் எந்தப் பரம்பரையைச் சேர்ந்தவர், அவருடைய வாத்தியார் யார் என்பதுதான் முதல் கேள்வியாக இருந்தது. பிரேசிலிய ஜியு-ஜிட்சு பயில்வோரும் தம் ஆசிரியர் வழியை அந்தக் கலையை வளர்த்த கிரேசி குடும்பம், அதற்கு முன் கோடோகானிலிருந்து பிரேசிலுக்குச் சென்ற ஜூடோ வீரர் மாயேடா வரை சொல்லிக்காட்டுவதைப் பெருமையாகவே கருதுகிறார்கள்.

அடுத்தது, ஆடத் தெரிவதும் கற்பிக்கத் தெரிவதும் ஒன்றல்ல என்பது. இதைச் சொன்னால் பதக்கம் வென்ற நண்பர்கள் சிலர் என்மீது வருத்தப்படுவார்கள். ஆனாலும் ஜூடோ பிறந்த நாட்டிலேயே நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜப்பானில் 1983 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் பள்ளி ஜூடோவில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் உயிரிழந்தனர். அவர்களுள் கணிசமானோர் தலையில் அடிபட்டு இறந்தவர்கள். விழும் முறையை இன்னும் சரியாகக் கற்றிராத புதிய மாணவர்களே அதிகம் பாதிக்கப்பட்டனர். அங்கே கறுப்புப் பட்டைக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் தலையில் அடிபட்ட மாணவனை அன்றே மீண்டும் களத்தில் இறக்கக் கூடாது என்பதும், தலை தரையில் மோதாமலேயே மூளையில் இரத்தக்கசிவு ஏற்படலாம் என்பதும் பல பயிற்சியாளர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. பெற்றோரும் மருத்துவர்களும் தொடர்ந்து குரல் எழுப்பிய பின்னரே, 2013-இல் அனைத்து ஜப்பான் ஜூடோ கூட்டமைப்பு பயிற்சியாளர்களுக்கெனத் தனித் தகுதி முறையைக் கொண்டுவந்தது. நம் நாட்டிலும் அத்தகைய படிப்புக்கு இடம் இல்லாமல் இல்லை. பாட்டியாலாவில் 1961-இல் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனம் பயிற்சியாளர்களுக்கான பட்டயப் படிப்பையும் ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பையும் நடத்திவருகிறது. குத்துச்சண்டை, ஜூடோ, மல்யுத்தம் கற்பிப்போர் அந்தப் படிப்பை முடித்திருக்கிறார்களா என்று கேட்கலாம். அத்தகைய படிப்பு எட்டாத கலைகளாயினும், முதலுதவிப் பயிற்சி பெற்றவரா, பத்து வயதுச் சிறுவர்களைப் பெரியவர்களோடு ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்ய விடுகிறாரா என்பனவற்றையாவது நேரில் பார்த்தறியலாம்.

மூன்றாவதாகச் சொல்லப்போவது இவை இரண்டையும்விட முக்கியமானது. பெற்றோர் பேசத் தயங்குவதும் அதுவே. தற்காப்புக்கலையில் பயிற்சியாளர் பிள்ளையின் உடலைத் தொட்டுத்தான் கற்பிக்க வேண்டியிருக்கிறது. போட்டிகளுக்காக வெளியூர் அழைத்துச் செல்கிறார். அவர் சொல்வதைக் கேள்வியின்றிச் செய்ய வேண்டும் என்பதே கூடத்தின் ஒழுக்கமாகப் பழக்கப்படுத்தப்படுகிறது. சென்னையில் தற்காப்புக்கலைப் பயிற்சியாளர் ஒருவர் பாலியல் புகாரில் 2021-இல் கைதான செய்தியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டே நடைமுறைக்கு வந்துவிட்ட போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) விதிகள், 2020, இதற்கான வழியைத் தெளிவாகவே வகுத்திருக்கின்றன. குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனம் எதுவாயினும் தன் பணியாளர் ஒவ்வொருவரையும் குறிப்பிட்ட இடைவெளிகளில் காவல்துறைச் சரிபார்ப்புக்கும் பின்னணிச் சோதனைக்கும் உட்படுத்த வேண்டும் என்று மூன்றாம் விதி கூறுகிறது. அந்த விதியில் பள்ளிகளோடு சேர்த்து விளையாட்டு அகாடமிகளும் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டுள்ளன. நிரந்தரப் பணியாளரா, ஒப்பந்தப் பணியாளரா என்ற வேறுபாட்டுக்கும் அதில் இடமில்லை. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கும் வசதியும் இருக்கிறது.

இத்தனை இருந்தும், என் பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு முன் நான் விசாரித்த கூடங்களில் இந்த விதியை அறிந்த நிர்வாகி ஒருவரைக்கூடச் சந்திக்கவில்லை. "மாஸ்டரைப் பற்றி ஏரியாவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் சார்" என்பதே கிடைத்த பதில். மாநகரில் பயிற்சியாளர்கள் ஆறு மாதத்துக்கொரு முறை ஒரு ஜிம்மை விட்டு இன்னொன்றுக்கு மாறிக்கொண்டிருக்கும்போது, ஏரியாவில் யாரைக் கேட்பது? ஒரு கூடத்தில் புகார் எழுந்தவுடன் அவரை ஓசையில்லாமல் அனுப்பிவிடுவதும், மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் அவர் புதிய தட்டி வைப்பதும் எளிதாக நடக்கக்கூடியவை.

கட்டுப்பாடு என்றதும் கிராமத்துச் சிலம்ப ஆசான்களின் நிலை என்னாகும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கவலை நியாயமானதே. தலைமுறையாகக் கம்பு சுற்றக் கற்பித்துவரும் ஒருவரிடம் பட்டயம் கேட்டு அவரை ஒதுக்கினால் இழப்பு நமக்குத்தான். அவர்களுடைய திறமையை நேரில் மதிப்பிட்டுப் பதிவு செய்யும் முறையைத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் உருவாக்கலாம். ஆனால் காவல்துறைச் சரிபார்ப்பும் முதலுதவிப் பயிற்சியும் ஆசானுக்கும் மாஸ்டருக்கும் கோச்சுக்கும் பொதுவாகவே இருக்க வேண்டும். அவற்றுக்குப் பட்டறிவு மாற்றாகாது.

ஆணையத்தையும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகங்களையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: ஒவ்வொரு கூடத்தின் வாசலிலும் பயிற்சியாளரின் பெயர், அவர் பயின்ற இடம், பட்டை வழங்கிய அமைப்பு, பயிற்சியாளர் தகுதி, காவல்துறைச் சரிபார்ப்பு முடிந்த தேதி, குழந்தைகள் உதவி எண் 1098 ஆகியவற்றைத் தமிழில் எழுதி வைக்க உத்தரவிட வேண்டும். தங்கள் கட்டடத்தை மாலை வேளையில் இத்தகைய வகுப்புகளுக்கு வாடகைக்கு விடும் பள்ளிகள், அந்தத் தேதியைப் பார்க்காமல் சாவியைக் கொடுக்கக் கூடாது.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. கோடைகால வகுப்பு விளம்பரங்களை ஏற்கும்போது, சரிபார்ப்பு முடிந்த தேதியையும் விளம்பரத்தில் சேர்க்க வேண்டும் என்று விளம்பரப் பிரிவு நிபந்தனை விதித்தால், அரசாணை வரும் வரை காத்திருக்காமல் இந்த ஆண்டிலேயே அது தொடங்கிவிடும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தாம்பரம், சென்னை.