ஓட்டு கேக்க தமிழ், விண்ணப்ப பாரத்துக்கு மலையாளமா?

ஆசிரியருக்கு வணக்கம். கேரளாவுல எங்க தேவிகுளம் பக்கம் தேர்தல் பிரச்சாரம் தமிழ்லயே களைகட்டுதுன்னு உங்க பேப்பர்ல போட்டிருந்தீங்க, உண்மைதான், ஜீப்ல மைக் கட்டி அம்மா, அக்கா, நம்ம லயத்துக்கு (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுங்களுக்கு) ரோடுன்னு என்னா பேச்சு! ஆனா பென்ஷனுக்கு எழுதிக்குடுக்கப் போனா பாரம் முழுக்க மலையாளம், எங்க பக்கத்து வீட்டு பாட்டி எழுதித்தர்ற ஆளுக்கு காசு குடுத்துட்டு அதுல என்ன இருக்குன்னே தெரியாம கைநாட்டு வச்சிட்டு வந்தாங்க. 1969 கேரள ஆட்சிமொழிச் சட்டத்துலயே தமிழ் சிறுபான்மையினர் அரசாங்கத்துக்கு தமிழ்ல எழுதலாம், பதிலும் தமிழ்லயே வரணும்னு இருக்கு, இத கவுண்டர்ல யாரு சொல்றா? மலையாளத்து மேல கோவமெல்லாம் இல்லீங்க, எங்க பிள்ளைங்க நல்லாவே படிக்குதுங்க. பாரத்தோட பின்பக்கம் தமிழ்லயும் அச்சடிக்கட்டும், அந்த சட்டத்த ஆபீஸ் வாசல்ல போர்டா எழுதி மாட்டட்டும்.

– ஒரு வாசகர், மூணாறு