உறைந்த மண்ணில் ஒரு சாலை

அன்பு நண்பா,

பேத்தியின் காதுகுத்துப் படங்கள் எல்லாம் பார்த்தேன். உன் சிரிப்பு அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது. வர முடியாமல் போனதில் எனக்கு வருத்தம்தான். அந்த வாரம் கனடாவின் வடகோடியில், இனுவிக்கில் இருந்தேன்.

அங்கிருந்து ஆர்க்டிக் கடலோரத்து டுக்டோயாக்டுக் வரை சுமார் 138 கிலோமீட்டருக்குச் சரளைச் சாலை. 2017 நவம்பரில் திறந்தார்கள். அதற்கு முன் குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேலும் கடலின் மேலும்தான் வண்டி ஓடும். கோடையில் விமானம், இல்லாவிட்டால் படகு.

நாம் படித்ததெல்லாம் அங்கே தலைகீழ். நம் ஊரில் மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டுத்தான் ரோடு போடுவோம். அங்கே அதைத் தொடவே கூடாது. பாசி படர்ந்த அந்த மேல்மண்தான் அடியில் உறைந்து கிடக்கும் நிலத்துக்குப் போர்வை. அதைக் கிழித்தால் கோடையில் பனி உருகி, தரை சேறாகி உட்கார்ந்துவிடும். அதனால் கடுங்குளிரில், தரை பாறை மாதிரி இறுகியிருக்கும்போது, ஜியோடெக்ஸ்டைல் என்ற செயற்கை இழைத் துணியை விரித்து அதன்மேல் சரளையைக் கொட்டி மேடாக்கினார்கள். கொட்டிய சரளையிலும் பனி கலந்திருக்கும். அது உருகியதும் மேடு இறங்கும். திரும்பவும் கொட்டி உருட்ட வேண்டும்.

ஓரிடத்தில் இறங்கி நடந்தேன். மேட்டின் அடிவாரத்தில் தண்ணீர் தேங்கி, வெயிலில் வெதுவெதுப்பாக இருந்தது. அந்தச் சூடுதான் கீழே இறங்கி உறைநிலத்தைக் கரைக்கிறது. குளிர்காலத்தில் அதே இடத்தில் குவியும் பனி, குளிரை மண்ணுக்குள் இறங்கவிடாமல் தடுக்கிறது; கரைந்த மண் மறுபடி சரியாக இறுகுவதில்லை. இரண்டு பருவத்திலும் அடி அங்கேதான் விழுகிறது.

செலவு ஏறக்குறைய 30 கோடி கனடா டாலர். ஒரு சின்ன ஊருக்கு இவ்வளவா என்று கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் போக வழி கேட்பவர்களைத் தலை எண்ணியா பார்ப்பது?

இன்னும் குறை தீரவில்லை. தெற்கிலிருந்து இனுவிக் வரும் டெம்ப்ஸ்டர் சாலையில் பீல், மெக்கன்சி ஆறுகளுக்குப் பாலம் இல்லை. கோடையில் ஃபெரி, குளிரில் பனிமேல் பயணம். ஆறு உறையும்போதும் உடையும்போதும் சில வாரங்களுக்கு இரண்டுமே கிடையாது. அதற்கு முன்பே மாவும் முட்டையும் வாங்கி அடுக்கிவிடுவோம் என்றார் கடையில் சந்தித்த ஒரு பாட்டி.

ஜனவரியில் ஊருக்கு வருகிறேன். மேட்டின் குறுக்குவெட்டை வரைந்து வைத்திருக்கிறேன், கொண்டு வருகிறேன். வடிகால் விஷயத்தில் என்னைவிட நீதான் கெட்டி. அந்தத் தண்ணீரை எப்படி வெளியேற்றலாம் என்று பார்த்துச் சொல்.

அப்புறம், முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அன்புடன்,
உன் நண்பன்