மெங்கர் அப்படி சொல்லல தம்பி

தம்பி,

மதிப்புங்கறது வாங்குறவன் மனசுலதான் இருக்கு, அதனால விளம்பரம் நல்லா பண்ணா எதையும் என்ன விலைக்கும் தள்ளிவிடலாம், பொருளாதாரமே அதத்தான் சொல்லுது, மெங்கரே சொல்லியிருக்காருன்னு, அந்த குடிக்கிற பவுடர விக்கிற வேலையப் பத்தி பேசுறப்போ போன்ல சொன்னல்ல, அதுலேர்ந்து அப்பாவுக்கு மனசே ஆறல. பொருளாதார அறிஞர் கார்ல் மெங்கர் சொன்னது அது இல்லப்பா.

வியன்னாவுல பத்திரிகைக்கு மார்க்கெட் நிலவரம் எழுதிட்டிருந்த மனுசன் அவர், விலை ஏறுறதுக்கும் இறங்குறதுக்கும் வியாபாரிங்க சொல்ற காரணமும் பாடப்புத்தகம் சொல்ற காரணமும் ஒட்டலன்னு அங்கதான் கவனிச்சாரு. 1871ல, 31 வயசுல தன்னோட பொருளாதார புத்தகத்தப் போட்டாரு. அதுவரைக்கும் ரிக்கார்டோங்கற பழைய இங்கிலீஷ் பொருளாதார அறிஞர் வழியில வந்தவங்க உழைப்பையும் உற்பத்திச் செலவையும் வச்சுதான் விலைக்கு விளக்கம் சொன்னாங்க. மெங்கர் கேட்டது வேற, ஒரு வைரம் தற்செயலா கண்டெடுத்ததா இல்ல ஆயிரம் நாள் தோண்டி எடுத்ததான்னு வாங்குறவன் பாக்குறானா என்ன?

அவரோட விவசாயி உதாரணம்தான் எனக்கு ரொம்ப பிடிச்சது. அறுத்த தானியத்துல முதல்ல குடும்பம் சாப்பிடணும், அப்புறம் விதைக்கு எடுத்து வைக்கணும், அதுக்கும் மேல மிஞ்சினா பீர், பிராந்தி காய்ச்சலாம், வளர்க்குற பிராணிக்குப் போடலாம். ஒரு பங்கு குறைஞ்சுதுன்னா எத விடுவான்? கடைசியா இருக்குறதத்தான விடுவான், அதனால அந்த ஒரு பங்குக்கு மதிப்பு அந்த கடைசி தேவை அளவுதான், அதுவே விளைச்சல் பொய்ச்சு சாப்பாட்டுக்கே பத்தாத வருசம்னா அதே தானியம் உயிருக்கு சமம். இதுல மனசு மட்டும் எங்க இருக்கு, அவன் பொழப்புல எது அத நம்பி இருக்குங்கறதுதான் இருக்கு.

இன்னொன்னும் சொல்றாரு, ஜனங்களுக்கு புகையிலை வேணாம்னு ஆயிட்டா சுருட்டு மட்டுமில்ல, இலை, மெஷின், அதுக்குன்னே இருக்குற மத்த எல்லாமே பொருள்ங்கற தகுதிய, அதாவது ஒரு தேவைய தீர்க்குற தகுதிய இழந்துடும்னு. இலை, மெஷின் செலவுலேர்ந்து சுருட்டுக்கு மதிப்பு வரல, சுருட்டோட தேவையிலேர்ந்துதான் இலைக்கும் மெஷினுக்கும் மதிப்பு வருது.

நீ முக்கியமா பாக்க வேண்டியது, இல்லாத குணத்த இருக்குன்னு நம்பி வாங்குறத அவர் கற்பனைப் பொருள்னு தனியா பிரிச்சுட்டாரு, தாயத்து மாதிரி. மனுசன் தன் தேவைய தப்பா எடை போடுவான், அப்போதைக்குள்ள ஆசைக்கு நிரந்தர நலத்த விடுவான்னும் எழுதியிருக்காரு. அந்த தப்பத் தூண்டிவிட்டு காசு பாக்குறதுக்கு அவர் பேர நீ இழுக்குறது எனக்கு வலிக்குதுடா.

அந்த பவுடர விக்கிற வேலைக்கு சரின்னு சொல்றதுக்கு முன்னாடி அவர் புத்தகத்தோட மூணாவது அத்தியாயத்தப் படி, இங்கிலீஷ்ல நெட்லயே கிடைக்குது. பவுடரக் குடிக்கிறவங்களுக்கு அதுனால என்ன ஆகுதுன்னு கம்பெனில நேராவே கேளு, என்ன சொன்னாங்கன்னு ஞாயித்துக்கிழமை கூப்பிட்டு சொல்லு.

அப்பா