நாலு திருகாணிகள்: ஜனாதிபதிகள் விட்டுச் சென்றது பற்றி

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லாரும் சுகம் என்று அறிந்து சந்தோஷம். இங்கும் அப்படித்தான், பின்னேரமானால் மழை.

உயர்தர வகுப்புப் பிள்ளைகளிடம் "நம் ஜனாதிபதிகள் விட்டுச் சென்றவை" என்று கட்டுரை கேட்டதாகவும், எல்லாரும் மகாவலி, வீட்டுத் திட்டம், அதிவேக வீதி என்றே எழுதித் தந்ததாகவும் குறைப்பட்டிருந்தாய். அவர்களிலும் பிழை இல்லை, கண்ணுக்குத் தெரிவதை எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒருவர் பதவியை விட்டுப் போன பிறகும் நம்மைக் கட்டி வைத்திருப்பது அவர் அரசியலமைப்பில் மாற்றிவிட்டுப் போன வரிகள்தான். பிள்ளைகளை நாலு இடத்தைப் பார்க்கச் சொல். எத்தனை தடவை பதவிக்கு வரலாம், பாராளுமன்றத்தை எப்போது கலைக்கலாம், பிரதம நீதியரசரையும் சட்டமா அதிபரையும் யார் கையால் நியமிப்பது, ஜனாதிபதியின் செயலை எதிர்த்து நீதிமன்றம் போகலாமா. 1978இலிருந்து எல்லாரும் முடுக்கியதும் தளர்த்தியதும் இந்த நாலு திருகாணிகளைத்தான்.

ஜே.ஆர். ஜெயவர்தன 1978 அரசியலமைப்பில் வைத்த கணக்கு இது: பதவிக்காலம் ஆறு வருடம், அதிகபட்சம் இரண்டு தடவை, பொதுத் தேர்தல் முடிந்து ஒரு வருடம் போனதும் பாராளுமன்றத்தைக் கலைக்கலாம், உயர் நியமனங்கள் அவர் கையில், வழக்குத் தொடர முடியாது. சந்திரிகா காலத்தில், 2001இல் வந்த 17ஆவது திருத்தம் நியமனங்களை அரசியலமைப்புப் பேரவையிடம் கொடுத்தது. நல்ல சட்டம், ஆனால் எழுதிய விதத்தில் ஓட்டை இருந்தது. பேரவையின் பத்துப் பேரில் ஒருவரைச் சிறு கட்சிகள் கூடிப் பெயரிட வேண்டும். 2005இல் முதல் பேரவையின் காலம் முடிந்தபோது அவர்களுக்குள் இணக்கம் வரவில்லை, அந்த ஓர் இடம் காலியாகவே கிடக்க, புதிய பேரவையும் அமையவில்லை. உறுப்பினர் ஒருவர் குறைந்தால் என்ன செய்வது என்று சட்டம் சொல்லவில்லை. இதை வகுப்பில் கட்டாயம் சொல்லு.

மஹிந்த 2010இல் 18ஆவதால் இரண்டு தடவை என்ற எல்லையை எடுத்துவிட்டார். பேரவைக்குப் பதிலாக அபிப்பிராயம் மட்டும் சொல்லும் ஐந்து பேர் குழு வந்தது. மைத்திரி 2015இல் 19ஆவதால் இரண்டையும் திருப்பிக் கொண்டுவந்தார், பதவிக்காலத்தையும் ஐந்து வருடமாக்கினார். கோட்டாபய 2020இல் 20ஆவதால் பேரவையை மீண்டும் பறித்தார். 2022 ஒக்டோபரில் ரணில் காலத்து 21ஆவது அதை மீண்டும் கொடுத்தது. பிள்ளைகள் 17, 18, 19, 20, 21 என்று பாடமாக்குவதைவிட, எது தந்தது எது பறித்தது என்று கரும்பலகையில் ஒரே கோட்டில் போட்டுக் காட்டு.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது 70ஆம் உறுப்புரை. 19ஆவது திருத்தம் அதை மாற்றியது: பாராளுமன்றத்தின் முதல் கூட்டத்திலிருந்து நாலரை வருடம் முடியும்வரை ஜனாதிபதி கலைக்க முடியாது, மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு சபையே தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டால் ஒழிய. அந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்த மைத்திரியே 2018 நவம்பர் 9 இரவு வர்த்தமானி போட்டுச் சபையைக் கலைத்தார். ஜனாதிபதியின் பொது அதிகாரங்களைச் சொல்லும் 33ஆம் உறுப்புரையில் "கலைத்தல்" என்ற சொல் இருக்கிறதே என்பது அவர் பக்க வாதம். டிசம்பர் 13ஆம் திகதி உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாகச் சொன்னது: 33ஐத் தனியாகப் பிடுங்கிப் படிக்க முடியாது, 70இன் வரம்புக்குள்தான் அது இயங்கும். 2015 செப்டெம்பர் 1ஆம் திகதி கூடிய அந்தச் சபைக்கு 2020 மார்ச் 1இல் நாலரை வருடம் ஆனது. கோட்டாபய அதைக் கலைத்தது மார்ச் 2. தனக்குப் பிடிக்காத ஒரு வரியை அவரும் நாள் எண்ணிக் காத்திருந்து கடக்க வேண்டியிருந்தது. சட்டத்தின் பலம் என்று நான் சொல்வது இதைத்தான் மச்சான்.

20ஆவது சட்டமூலம் இதைப் பழையபடி ஒரு வருடமாக்கப் பார்த்தது. சர்வஜன வாக்கெடுப்பு இல்லாமல் முடியாது என்று நீதிமன்றம் சொன்னதால் குழுநிலையில் இரண்டரை வருடமாக மாற்றினார்கள். இன்றைக்கும் அதுதான். இப்போதைய பாராளுமன்றம் 2024 நவம்பர் 21இல் முதலில் கூடியது, ஆகவே 2027 மே 21க்கு முன் ஜனாதிபதி தன் விருப்பத்துக்குக் கலைக்க முடியாது.

நாலாவது திருகாணியின் பலனும் கண்ணால் கண்டதே. ஜனாதிபதியின் உத்தியோகபூர்வச் செயலை எதிர்த்து அடிப்படை உரிமை மனு போடலாம் என்பதும் 19ஆவது தந்த வழி. 2018 வழக்கு அந்த வாசலால்தான் உள்ளே போனது. உயிர்த்த ஞாயிறு தாக்குதல் வழக்கில் 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் மைத்திரியைச் சொந்தப் பணத்தில் 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. குண்டில் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு அது ஆறுதல் ஆகாது. ஆனாலும் ஒரு ஜனாதிபதியின் கவனயீனத்துக்கு விலை உண்டு என்று எழுத்தில் வந்தது.

ஜனாதிபதித் தேர்தலின் விருப்பு வாக்கு பற்றிக் கேட்டிருந்தாய். செய்து காட்டினால்தான் விளங்கும். நாலைந்து பெயரோடு துண்டுகள் அடித்துக் கொடு. மூன்றுக்கு மேல் வேட்பாளர் இருந்தால் 1, 2, 3 என்று மூன்று விருப்பு வரை போடலாம். வெறும் புள்ளடி (X) போட்டாலும் முதல் வாக்காக எண்ணப்படும், ஆனால் அதோடு அந்தச் சீட்டின் வேலை முடிந்தது. 1 இல்லாமல் 2 மட்டும் போட்டால் நிராகரிப்பு. இருவருக்கு 1 போட்டாலும் அப்படியே. செல்லுபடியான வாக்கில் பாதிக்கு மேல் யாருக்கும் இல்லாவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்றவர்கள் போட்டியிலிருந்து விலக்கப்படுவார்கள். விலக்கப்பட்டவர்களின் சீட்டுகளை மட்டும் திரும்ப எடுத்து, 2 அந்த இருவரில் ஒருவருக்கா என்று பார்ப்பார்கள், இல்லையென்றால் 3ஐப் பார்ப்பார்கள். முதல் இருவரின் சீட்டைத் தொடுவதில்லை. இங்கேதான் பிள்ளைகள் பிழை விடுவார்கள்.

1982இலிருந்து எல்லாத் தேர்தலும் முதல் எண்ணிக்கையிலேயே முடிந்தன. 2024 செப்டெம்பரில்தான் முதல் தடவையாக இது தேவைப்பட்டது. அனுரகுமாரவுக்கு 5,634,915, சஜித்துக்கு 4,363,035. விலக்கப்பட்டவர்களின் சீட்டுகள் 33 இலட்சத்துக்கு மேல். அவற்றிலிருந்து அனுரவுக்குச் சேர்ந்தது 105,264, சஜித்துக்கு 167,867. இரண்டையும் கூட்டினாலும் 273,131தான், பத்தில் ஒன்றுகூட இல்லை. மிச்சம் எல்லாம் இரண்டாவது விருப்பு போடாத அல்லது அந்த இருவருக்கும் போடாத சீட்டுகள். நம்முடைய வடக்கு கிழக்குச் சனத்துக்கு இந்த இரண்டாம் எண் எவ்வளவு பெறுமதியான ஆயுதம் என்று யாராவது ஊர் ஊராய்ச் சொல்லியிருக்க வேண்டாமா?

பிரேமதாசவைப் பற்றிச் சுருக்கமாக: மாவட்டக் கச்சேரிக்கு (அரச அலுவலகத்துக்கு) அலைந்த வேலைகளைப் பிரதேச செயலகத்துக்குக் கொண்டுவந்த 1992 சட்டம் அவர் காலத்தது. வீட்டுத் திட்டத்தைவிட அது நீடித்து நிற்கிறது.

எனக்கு நெஞ்சு கொதிப்பது மாகாண சபைகளைத் தந்த 13ஆவது திருத்தத்தில். 1987இல் ஜே.ஆர். கையெழுத்து வைத்த மாகாண சபை இன்றைக்கும் சட்டத்தில் இருக்கிறது, தேர்தல்தான் இல்லை. காரணம் ஒரு சிறிய சிக்கல். 2017இல் தேர்தல் முறையைக் கலப்பு முறைக்கு மாற்றினார்கள். அதற்குத் தொகுதி எல்லை பிரிக்க வேண்டும். பிரித்த அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றம் தோற்கடித்தது. பழைய முறையும் இல்லை, புதிய முறைக்கு எல்லையும் இல்லை. கிழக்கின் காலம் 2017இலும் வடக்கின் காலம் 2018இலும் முடிந்த பிறகு ஆளுநரே நிர்வாகம். இதைத் திருத்த அரசியலமைப்பில் கை வைக்கத் தேவையே இல்லை, பழைய முறையில் நடத்தலாம் என்று சாதாரணப் பெரும்பான்மையில் ஒரு சிறு சட்டம் போதும்.

இந்த நிறைவேற்று ஜனாதிபதி முறைமையையே ஒழிப்போம் என்று வாக்குக் கொடுத்தே பலர் வந்தார்கள். 225இல் 150 கை வேண்டும், அதன்பின் சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும், ஏனென்றால் மக்களின் நிறைவேற்று அதிகாரம் ஜனாதிபதியால் பிரயோகிக்கப்படும் என்று 4ஆம் உறுப்புரை சொல்கிறது. 2024 நவம்பரில் 159 ஆசனத்தோடு முதல் பாதி ஒரே கட்சியின் கையில் வந்தது.

திருத்தங்களின் தமிழ்ப் பிரதிகளை அடுத்த கிழமை தபாலில் போடுகிறேன். 70ஆம் உறுப்புரை வரும் பக்கங்களுக்குச் சிவப்புப் பேனையால் கோடு போட்டிருப்பேன், வகுப்பில் அதிலிருந்தே தொடங்கு. பிள்ளைகள் வாக்கு எண்ணிப் பார்த்த பிறகு எத்தனை சீட்டில் 2 இருந்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்