பாப்பாவின் தூக்கத்தைக் காத்தவர்களுக்கு நன்றி

பச்சிளங்குழந்தைகள் வார்டின் சிஸ்டர்களுக்கும், டாக்டர்களுக்கும், தினமும் தரை துடைத்த அக்காவுக்கும் வணக்கம்.

29 வாரத்தில், 1,150 கிராம் எடையோடு பிறந்த என் மகளுக்கு இந்த வாரம் ஒரு வயது. 47 நாள் உங்கள் கையில் இருந்தவள். மருந்துக்கும் ஆக்சிஜனுக்கும் வீட்டுக்குக் கிளம்பிய அன்றே நன்றி சொல்லிவிட்டேன். அன்று சொல்லத் தெரியாமல் போனதை இப்போது எழுதுகிறேன்.

முதல் இரவு என் கணவர் போனை, பாப்பா படுத்திருந்த இன்குபேட்டர் பெட்டிமேல் வைத்தார். நைட் டியூட்டி சிஸ்டர் ஓடி வந்து எடுத்தார். திட்டப் போகிறார் என்று பயந்தோம். "வெளியே டக்குனு கேக்குறது உள்ளே இடி மாதிரி இருக்கும் அண்ணா" என்றார், அவ்வளவுதான். யாரோ ஸ்டூலை இழுத்தபோது மானிட்டரில் 94 என்றிருந்த ஆக்சிஜன் அளவு 86-க்கு இறங்கியதை அப்புறம் நாங்களே பார்த்தோம். குறைமாதக் குழந்தைகளின் வார்டில் சத்தம் 45 டெசிபலைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1997-லேயே சொன்னதை வீட்டுக்கு வந்தபிறகு படித்தேன். நீங்கள் பெட்டியின் கதவை இரண்டு கையாலும் பிடித்துச் சத்தமில்லாமல் மூடுவீர்களே, அதுதான் நினைவுக்கு வந்தது. அந்த அக்கா வாளியைக்கூடத் தூக்கித்தான் வைப்பார்.

அதற்கு முன் இரண்டு நாள் இருந்த வேறோர் இடத்தில் இரவு பகல் தெரியாத வெளிச்சம். பாப்பா கையைக் காலை விரித்துப் போட்டுத் திடுக்கிட்டுக்கொண்டே கிடந்தாள். நீங்கள் பெட்டிமேல் துணி போர்த்தினீர்கள். துணியைச் சுருட்டிக் கூடு மாதிரி சுற்றி வைத்தீர்கள். அன்றுதான் கையை வாயருகே கொண்டுபோய், வயிற்றுக்குள் இருப்பதுபோல் சுருண்டு தூங்கினாள்.

"தூக்கத்துலதான்மா மூளை வளருது" என்பார் டாக்டர். ரத்தம் எடுப்பது, துணி மாற்றுவது எல்லாவற்றையும் அவள் விழித்திருக்கும் நேரத்தில் ஒரேயடியாக முடித்துவிடுவார். ஊசிக்கு முன்னால் என் பாலில் இரண்டு சொட்டு அவள் நாக்கில் வைக்கச் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அப்புறம் கங்காரு பராமரிப்பு, அதாவது பிள்ளையை வெறும் நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொள்வது. கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் டாக்டர் எட்கர் ரே 1978-ல் தொடங்கியதாம். குறைமாசப் பிள்ளையைத் தொடவே பயந்த என் மாமியாரை உட்காரவைத்து, அவர் நெஞ்சில் பாப்பாவைச் சாய்த்தீர்கள். அத்தை மெதுவாக முனகிய தாலாட்டில் அவள் மூச்சு சீரானதை நாங்கள் எல்லோரும் மானிட்டரில் பார்த்துக்கொண்டு நின்றோம்.

காது பரிசோதனையில் குறையில்லை. பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வரும் ஞாயிறு கூட்டிவருகிறோம். இப்போது நன்றாகக் கத்துவாள், அதனால் உள்ளே வரமாட்டோம். வராந்தாவில் நிற்கிறோம், ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

நன்றியுடன்,
பாப்பாவின் அம்மா