டெண்டருக்குள் ஒரு ஸ்பீக்கர்

லெஸ்டர், இங்கிலாந்து,
நவம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். போனில் பேசினால் பாதி உங்கள் காதில் விழுவதில்லை. மீதியை அம்மா சுருக்கிச் சொல்லிவிடுகிறாள். நான் அரை மணி நேரம் நீராவி இன்ஜின் சத்தத்தைப் பற்றிப் பேசியதை, "ஏதோ பொம்மை ரயில் வாங்கியிருக்கானாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். அதனால்தான் எழுதுகிறேன். முதலில், நான் எதுவும் வாங்கவில்லை. ரயில் பக்கத்து வீட்டுப் பெரியவருடையது.

இங்கே இப்போது நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. மழை கொட்டுவதுமில்லை, விடுவதுமில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் வெளியே போக மனசு வராது. ஆனால் எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்குப் பின்னாலும் ஒரு துண்டுத் தோட்டமும் மரக்கொட்டகையும் உண்டு. மற்றவர்கள் அதில் புல்வெட்டும் மெஷினைப் போட்டுவைப்பார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவரின் கொட்டகையில் தண்டவாளம். இந்த ஊர் ஒரு காலத்தில் நம் திருப்பூர் மாதிரி, காலுறையும் பனியனும் பின்னிய ஊர். அந்த மில்களில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது தாண்டிவிட்டது, மனைவி இறந்துவிட்டார், கை கொஞ்சம் நடுங்குகிறது. நான் ஆஸ்பத்திரியில் மானிட்டர், பம்பு எல்லாம் பழுது பார்க்கிறவன் என்று தெரிந்ததும் ஒரு நாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "உனக்கு சால்டரிங் வருமா?" என்று கேட்டார். அப்படித்தான் பழக்கம். இங்கே வந்து மூன்றாவது வருஷம், வேலையிடத்துக்கு வெளியே நான் உள்ளே போய் உட்கார்ந்த முதல் வீடு, வீடுகூட இல்லை, இந்தக் கொட்டகைதான்.

இன்ஜின் பெயர் பிளாக் ஃபைவ். ஸ்டானியர் என்பவர் வடிவமைத்தது. 1934 முதல் 1951 வரை 842 கட்டினார்கள். இங்கே 1968 ஆகஸ்டில் மெயின் லைனில் நீராவியை நிறுத்தியபோது கடைசி ரயிலை இழுத்த இன்ஜின்களில் இதுவும் ஒரு ரகம். பெரியவரிடம் இருப்பது 76இல் ஒரு பங்கு. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 16.5 மில்லிமீட்டர். கணக்குப்படி கிட்டத்தட்ட 19 இருக்க வேண்டும், ஆனால் ஐரோப்பாக்காரர்களின் சின்ன ரயில் தண்டவாளத்தின் மேல் இவர்கள் பெரிய இன்ஜினை ஏற்றி வைத்துவிட்டார்கள். பார்த்தால் நம் மீட்டர் கேஜ் வண்டி மாதிரி கொஞ்சம் ஒடுக்கமாகவே நிற்கும்.

முன்பெல்லாம் தண்டவாளத்தில் கரண்டைக் கூட்டினால் வேகம், குறைத்தால் மெதுவு. ஒரே லைனில் இரண்டு இன்ஜின் நின்றால் இரண்டும் சேர்ந்தே ஓடும். இப்போது தண்டவாளத்தில் எப்போதும் ஒரே அளவு கரண்ட். கட்டளையும் அதிலேயே கலந்து போகிறது. ஜெர்மனியின் லென்ஸ் கம்பெனி முறையை வைத்து அமெரிக்க மாடல் ரயில் சங்கம் தொண்ணூறுகளில் இதைப் பொது விதியாக்கியது. ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் டிகோடர் என்று ஒரு சின்ன சர்க்யூட். அதற்கு ஒரு நம்பர். புதிதாக வரும்போது எல்லாவற்றுக்கும் நம்பர் 3தான், நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். தன் நம்பரைக் கூப்பிட்டால் மட்டும் அது கேட்கும். சத்தம் போடும் டிகோடர் என்றால் விலை நூறு பவுண்டைக்கூடத் தாண்டும். அம்மாவுக்கு இதை மட்டும் வாசித்துக் காட்ட வேண்டாம், நான் கொடுக்கவில்லை என்றாலும் திட்டுவாள்.

வேலையைச் சொல்கிறேன். இன்ஜினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரின் மேல்மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த எடைக்கட்டியை எடுத்து இடம் பண்ணினோம். சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்திலிருந்து வரும் வயர். ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. ஊதா இரண்டும் ஸ்பீக்கருக்கு. ஸ்பீக்கர் 11க்கு 15 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவுதான். அதை வெறுமனே ஊதா வயரில் மாட்டிக் கேட்டால் கொசு முனகுவதுபோல் இருக்கிறது. ஏனென்றால் முன்பக்கம் கிளம்பும் அலையைப் பின்பக்கம் கிளம்பும் அலை சுற்றி வந்து அழித்துவிடுகிறது. பின்னால் ஒரு பிளாஸ்டிக் பெட்டி வைத்துக் காற்றுப் போகாமல் அடைக்க வேண்டும். பெட்டியின் ஒரு மூலையில் மயிரிழை அளவு இடைவெளி இருந்தது. இன்ஜின் நின்றபடி மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும்போதே அந்த இடத்தில் கொஞ்சம் கறுப்புப் பசையை அழுத்தினேன். அந்த நிமிஷமே சத்தத்துக்கு அடிவயிறு வந்துவிட்டது. பெரியவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

நீங்கள் கேட்பீர்கள், டேப்பில் பதிந்ததைத் திருப்பிப் போடுவதில் என்ன அதிசயம் என்று. அது அப்படியில்லை. இங்கே பாதுகாத்து ஓட்டிக்கொண்டிருக்கும் உண்மையான இன்ஜின்களில் மைக் கட்டிப் பதிவு செய்கிறார்கள். பிறகு அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு "சுக்"கையும் தனித்தனியாக வைத்துக்கொள்கிறார்கள். எப்போது எந்தத் துண்டை விடுவது என்று டிகோடர்தான் முடிவு செய்கிறது. ஒரு செகண்டுக்குள் பல தடவை மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கண்ணிமைக்கும் நேரம் நிறுத்தி, சுழலும் மோட்டார் தானே எவ்வளவு வோல்ட் கொடுக்கிறது என்று அளக்கிறது. அதிலிருந்து வேகம் தெரியும். பாரம் கூடினதும் தெரியும்.

சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் நாலு "சுக்" அடி விழ வேண்டும். இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் பிஸ்டனின் இரண்டு பக்கமும் நீராவி தள்ளுகிறது, நாலு. நீங்கள் கரி அள்ளிய ஒய்.பி. மீட்டர் கேஜ் இன்ஜினும் அதேதான். யார்க் மியூசியத்தில் நிற்கும் மல்லார்டு இன்ஜினுக்கு மூன்று சிலிண்டர், அதனால் ஆறு. 1938இல் மணிக்கு 126 மைல் ஓடியது அதுதான். லார்ட் நெல்சன் என்று ஒரு ரகத்துக்கு நாலு சிலிண்டரையும் சம இடைவெளியில் அடிக்கும்படி வைத்து எட்டு அடி. பிளாக் ஃபைவ் சக்கரம் ஆறடி உயரம், ஒய்.பி. நாலரை அடி. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: மணிக்கு 20 மைலில் இது செகண்டுக்கு 6 "சுக்", உங்களுடையது 8. அதனால்தான் எனக்குக் கொட்டகையில் கேட்கும்போது ஏதோ குறைகிற மாதிரியே இருந்தது. சின்ன வயதில் மதுரை இன்ஜின் ஷெட் பக்கம் கேட்டு வளர்ந்த தாளம் இதைவிட வேகம்.

கூட வரும் சத்தங்களும் உண்டு. ரிமோட்டில் 28 பட்டன் வரை. பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் இன்ஜெக்டர், சேஃப்டி வால்வு, கரி அள்ளுவது, வாக்குவம் பிரேக்கின் சீற்றம். இங்கேயும் அந்தக் காலத்தில் வாக்குவம்தான், அந்த ஒன்றை உங்களால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். விசில் மட்டும் வேறு, கப்பல் சங்கு மாதிரி அடித்தொண்டையில் கத்துகிறது. பெரியவரின் நண்பர்கள் சனிக்கிழமை வருவார்கள். வந்ததும் ஆளுக்கொரு பட்டனாக அழுத்தி விசில் ஊதிக்கொண்டே இருப்பார்கள். எனக்கு அதில் பிடிப்பில்லை. சின்ன இன்ஜின் பெரிய சத்தம் போட்டால் சிரிப்புத்தான் வருகிறது. மொத்த வால்யூமைக் குறைக்க ஒரு செட்டிங் இருக்கிறது, அதைப் பாதியாக்கி வைத்தேன். இப்போது கொட்டகைக்குள் கேட்கிறது, வேலிக்கு அந்தப் பக்கம் கேட்பதில்லை.

எனக்குப் பிடித்தது வேறொன்று. சத்தம் வந்த பிறகு வண்டியை இஷ்டத்துக்கு ஓட்ட முடிவதில்லை. முன்பு குமிழைத் திருப்பினால் சட்டென்று பாயும். இப்போது முதலில் சிலிண்டர் தண்ணீரை வெளியே தள்ளும் சத்தம், அப்புறம் ஒரு கனத்த அடி, ஒரு இடைவெளி, இன்னொரு அடி. எட்டுப் பெட்டியைக் கோத்தால் அடி கனக்கிறது. ஸ்டேஷன் வருவதற்கு முன்பே நீராவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டரை மூடியாக வேண்டும். மூடினதும் சுக்சுக் நின்று, சக்கரங்களை இணைக்கும் ராடுகளின் கிளிங் கிளிங் மட்டும் கேட்கிறது. "வண்டி எப்படி ஓடுகிறது என்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளாதே, கேட்டுத் தெரிந்துகொள்" என்று நீங்கள் சொல்வீர்களே, அதைத்தான் இந்தப் பொத்தான் அளவு ஸ்பீக்கர் செய்யவைக்கிறது.

ஒரு குறை. கரி அள்ளும் பட்டனை அழுத்தினால் விடாமல், ஒரே சீராக, மணி அடிப்பதுபோல் அள்ளிக்கொண்டே இருக்கிறது. எந்த பயர்மேன் அப்படிப் போடுவான்? நடுவில் நெருப்பைப் பார்க்க வேண்டாமா, கதவைச் சாத்த வேண்டாமா? பெரியவரிடம் சொன்னேன். "உன் அப்பாவைக் கேட்டு எழுது, மாற்றலாம்" என்கிறார். சத்தத்தின் வரிசையை கம்ப்யூட்டரில் நாமே மாற்றிக்கொள்ள முடியும்.

அதனால் இரண்டு விஷயம் எழுதுங்கள். செங்கோட்டை தாண்டி மலையேறும்போது எத்தனை கரண்டிக்கு ஒரு தரம் நிறுத்துவீர்கள்? டிரைவர் கட்-ஆஃபை, அதாவது ஒவ்வொரு அடிக்கும் சிலிண்டருக்குள் நீராவி விடும் அளவைக் குறைத்தால் அடியின் சத்தம் எப்படி மாறும், மெலியுமா, கூர்மையாகுமா? நோட்டில் எழுதித் தங்கச்சி பையனிடம் கொடுத்தால் படம் எடுத்து அனுப்பிவிடுவான்.

இங்கே பக்கத்தில் லாஃபரோவிலிருந்து லெஸ்டர் வரை எட்டு மைல், இன்னும் நீராவியில் ரயில் ஓட்டுகிறார்கள். பெரும்பகுதி இரட்டை லைன் வேறு. ஒரு நாள் டிரைவராக, பயர்மேனாக இருந்து பார்க்க ஜனங்கள் பணம் கட்டுகிறார்கள் அப்பா. நீங்கள் சம்பளத்துக்கு அள்ளியதை இவர்கள் காசு கொடுத்து அள்ளுகிறார்கள். அம்மாவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

காது மெஷினுக்கு ஆரஞ்சு ஸ்டிக்கர் போட்ட 13 நம்பர் பேட்டரி ஆறு அட்டை, நண்பர் ஒருவரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். ஸ்டிக்கரை உரித்ததும் போடாதீர்கள், ஒரு நிமிஷம் காற்றுப் பட விட்டுப் போடுங்கள். அப்போதுதான் அதன் முழு ஆயுளுக்கும் உழைக்கும்.

இப்படிக்கு,
உங்கள் மகன்