பதக்கத்தின் விளிம்பையும் படிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டிஷ் குதிரைப்படை வீரர் ஒருவரின் பதக்க வரிசையைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரை, அவருடைய ஆறு பதக்கங்களும் வீரத்துக்காகக் கிடைத்தவை என்கிறது. அது சரியன்று. தென்னாப்பிரிக்கப் போருக்கான (1899–1902) அரசியின் பதக்கமும் அரசரின் பதக்கமும், முதல் உலகப்போரின் தொடக்க மாதங்களுக்கான 1914 நட்சத்திரமும், பிரிட்டிஷ் போர்ப் பதக்கமும், வெற்றிப் பதக்கமும் உரிய காலத்தில் களப்பணி செய்த அனைவருக்கும் வழங்கப்பட்டவை. ஆறாவதான நீண்டகாலப் பணி, நன்னடத்தைப் பதக்கம் அந்நாளில் பதினெட்டு ஆண்டு அப்பழுக்கற்ற பணிக்கு வழங்கப்பட்டது. 1830இல் அது தொடங்கப்பட்டபோது காலாட்படைக்கு 21 ஆண்டு, குதிரைப்படைக்கு 24 ஆண்டு என்றிருந்த வரம்பு 1870இல்தான் பதினெட்டாகக் குறைந்தது. வாலிபம் முழுவதையும் லாயத்திலும் சேணத்திலும் கழித்த ஒருவருக்கு, என் கருத்தில், வரிசையிலேயே பெருமைக்குரியது அதுதான்.

லண்டனில் வசித்த காலத்தில், பழம்பொருள் கடையொன்றில் 16ஆம் லான்சர்ஸ் என்ற குதிரைப்படைப் பிரிவின் வீரர் ஒருவரின் இதே போன்ற வரிசையைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். அரசியின் பதக்கத்து நாடாவில், அவர் பங்கேற்ற போர்களின் பெயர் தாங்கி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்த மெல்லிய வெள்ளிப் பட்டைகளில் ‘கிம்பர்லி மீட்பு’, ‘பார்டபெர்க்’ என்ற இரண்டும் இருந்தன. 1900 பிப்ரவரி 15ஆம் நாள் பிரிட்டிஷ் தளபதி ஜான் பிரெஞ்சின் குதிரைப்படை, கிளிப் டிரிஃப்ட் என்ற இடத்தில், எதிரிகளான போயர்களின் (டச்சு வழிக் குடியேறிகளின்) நிலைகளுக்கு நடுவே பாய்ந்து, அவர்கள் முற்றுகையிட்டிருந்த கிம்பர்லி நகரை அடைந்ததையும், கொளுத்திய கோடையில் களைத்துச் சரிந்த குதிரைகளையும், ஓய்வேதுமின்றி அடுத்த இரண்டு நாளில் போயர் தளபதி குரோன்யேயின் படையை மறிக்கப் பார்டபெர்க்குக்கு ஓடியதையும் அறிந்தவருக்கு, அந்த இரு பட்டைகளே போதும்.

அதைவிட முக்கியமானது எழுத்துப் பொறிப்பு. நட்சத்திரத்தில் பின்புறத்திலும், மற்றவற்றில் விளிம்பிலும், எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை சிறிய எழுத்துகளில் பதிந்திருக்கும். நான் பார்த்த வரிசையில் எண் மாறவில்லை. தென்னாப்பிரிக்காவில் சாதாரணச் சிப்பாய், 1914இல் சார்ஜென்ட். பதினான்கு ஆண்டு உழைப்பு அந்த ஒரு சொல் மாற்றத்தில் இருந்தது. நட்சத்திரத்தின் நாடாவில் தைத்திருந்த சிறு பட்டையோ, அவர் 1914 ஆகஸ்டு 5க்கும் நவம்பர் 22க்கும் இடையில் எதிரியின் குண்டுவீச்சு எல்லைக்குள் நின்றவர் என்பதற்குச் சான்று.

1940 செப்டம்பரில் லண்டன்மீது விழுந்த குண்டுகளில், முதல் உலகப்போர் வீரர்களின் பணிப்பதிவுகளில் பாதிக்கு மேல் எரிந்துபோயின. பலருடைய வாழ்க்கைக்கு இன்று எஞ்சியிருப்பவை, யாருக்கு எந்தப் பதக்கம் என்று படைத்துறை குறித்துவைத்த பதக்க அட்டவணை அட்டையும் இந்த விளிம்பெழுத்தும்தாம். இது தெரிந்தும் அந்தக் கடைக்காரர், நல்ல விலை கிடைக்கும் என்று அரசியின் பதக்கத்தைத் தனியே பிரித்து விற்றுவிட்டார். மற்ற வெள்ளிப் பதக்கங்களை எழுத்து மழுங்கும் அளவுக்குத் தேய்த்துப் பளபளப்பாக்கியும் வைத்திருந்தார். அடுத்த வாரம் சென்றபோது அதைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் ஆறவில்லை.

தங்கள் கட்டுரையில் முகப்புப் படங்கள் மிக அழகாக இருந்தன. அந்த ஆறின் விளிம்புகளையும், நட்சத்திரத்தின் பின்புறத்தையும் படமெடுத்து வரும் இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சி